மகனின் எம்.ஏ.வுக்கு ஐசா பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். 2022ல் பி.ஏ. வரலாறு சேர்ந்த மகன் 2025ல் முடித்துவிட்டான். நவீன பிரிட்டிஷ் வரலாற்றில் ஓராண்டு எம்.ஏ. படிக்க லண்டனிலேயே இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 14,500 பவுண்ட். கேஷ் ஐசாவில் (வட்டிக்கு வரி இல்லாத சேமிப்புக் கணக்கு) 26,000 பவுண்ட் வைத்திருக்கிறோம், வட்டி 4 சதவீதம். கணவர் டாக்ஸி ஓட்டுகிறார், நான் மருத்துவமனையில் வேலை. பிள்ளையின் தலையில் இன்னொரு கடன் ஏறாமல் நாங்களே கட்டிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அரசு தரும் முதுகலைக் கடனை மகனை முழுதாக வாங்கச் சொல்லுங்கள். 2025-26ல் தொடங்கும் படிப்புக்கு 12,858 பவுண்ட் வரை கிடைக்கும். பெற்றோர் வருமானத்தைப் பார்க்க மாட்டார்கள். பணம் மூன்று தவணையாக மகன் கணக்குக்கே வரும், கட்டணத்தை அவர்தான் கட்ட வேண்டும். மீதி 1,642 பவுண்டை மட்டும் நீங்கள் போடுங்கள்.

ஆனால் இதைப் பட்டப்படிப்புக் கடன் மாதிரி நினைத்துவிடாதீர்கள். அதில், 2025-26 கணக்குப்படி, ஆண்டுக்கு 28,470 பவுண்டுக்கு மேல் வரும் சம்பளத்தில்தான் 9 சதவீதம் பிடிப்பார்கள். இதிலோ 21,000க்கு மேல் வருவதிலேயே 6 சதவீதம், அதுவும் தனியாக. குறைந்தபட்ச ஊதியத்தில் (2025-26ல் மணிக்கு 12.21 பவுண்ட்) முழுநேரம் கடையில் நின்றாலே ஆண்டுக்குச் சுமார் 23,800 வந்துவிடும். 30,000 பவுண்ட் வேலை கிடைத்தால் ஆண்டுக்கு முதுகலைக் கடனுக்கு 540, பழைய கடனுக்கு 137, ஆக மாதம் சுமார் 56 பவுண்ட் போகும். 2025-26ல் இதன் வட்டி 6.2 சதவீதம். அதாவது ஆண்டுக்குச் சுமார் 800 பவுண்ட் வட்டி ஏற, 540தான் கழியும். அந்தச் சம்பளத்தில் கடன் வளரும். 30 ஆண்டில் தீராத மிச்சம் தள்ளுபடியாகும்.

அப்படியானால் ஏன் வாங்கச் சொல்கிறேன்? இந்தக் கடனை எப்போது வேண்டுமானாலும் அபராதமில்லாமல் அடைக்கலாம், ஆனால் அடைத்த பணம் திரும்பி வராது. உங்கள் ஐசாவின் 4 சதவீதத்துக்கும் கடனின் 6.2க்கும் உள்ள இடைவெளி ஆண்டுக்குச் சுமார் 280 பவுண்ட். அவருக்கு எந்த வேலை அமைகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க அது நியாயமான விலை. நல்ல சம்பளம் என்றால் அப்போது ஒரு பகுதியை அடைத்துவிடுங்கள். குறைந்த சம்பளத்திலேயே ஓடினால் விட்டுவிடுங்கள். கணவர் சொந்தத் தொழில் செய்பவர், கார் இரண்டு மாதம் ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும் அந்த 26,000தான் சோறு போடும். (யாராவது சாமத்திய வீட்டுக்கு ஹால் பிடிக்க அதில் கை வைக்காமல் இருந்தால்!)

அப்புறம், மகனிடம் ஒன்று கேளுங்கள்: எதற்காக இந்த எம்.ஏ.? பள்ளி ஆசிரியராவதற்கு என்றால் இது தேவையே இல்லை, பிஜிசிஇ என்ற ஆசிரியர் பயிற்சி போதும். அதற்குப் பட்டப்படிப்பு வகைக் கடனே கிடைக்கும். முனைவர் பட்ட ஆய்வுக்குப் போவதென்றால் எம்.ஏ. கிட்டத்தட்ட கட்டாயம். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் 2025-26 கணக்கில் ஆண்டுக்குக் குறைந்தது 20,780 பவுண்ட், வரி இல்லை. போட்டி மிகக் கடுமை என்பதையும் அவர் தெரிந்துகொள்ளட்டும்.

வீட்டிலிருந்தே போய்வருவது பெரிய மிச்சம். கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அமைச்சரவைக் கோப்புகளைக் காசில்லாமல் பார்க்கலாம். முன்னாள் பிரதமர் தாட்சரின் தாள்கள் கேம்பிரிட்ஜில், சாதாரண மக்களின் நாட்குறிப்புகள் அடங்கிய மாஸ் அப்சர்வேஷன் தொகுப்பு பிரைட்டன் பக்கத்தில். ஆய்வுத் தலைப்பு அங்கே இழுத்தால் ரயில் செலவுக்கு நூறு, இருநூறு பவுண்ட் தனியே ஒதுக்கி வைக்கட்டும்.