மூன்று உபுண்டு கம்ப்யூட்டர்கள்: எதை வைத்து அப்டேட் செய்வது?

மதுரை சிம்மக்கல்லில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடையில் மூன்று கம்ப்யூட்டரிலும் உபுண்டு 24.04. ஒருவர் ஆப்ட் என்கிறார், ஒருவர் ஆப்ட்-கெட், இன்னொருவர் சினாப்டிக். எதை வைத்து அப்டேட் செய்தால் வேலை நிற்காது?"

உபுண்டு என்பது லினக்ஸ் வகை இயங்குதளம். இந்த மூன்றும் அதில் மென்பொருளை நிறுவவும் புதுப்பிக்கவும் உதவும் கருவிகள். மூன்றும் உள்ளே டிபிகேஜி என்ற ஒரே கருவியைத்தான் வேலை வாங்குகின்றன. அதனால் உங்களுக்கு ஆப்ட் போதும். ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) எழுதுகிறவர்களுக்கு ஆப்ட்-கெட். மவுஸே வசதி என்றால் சினாப்டிக்.

கருவியைவிடக் கட்டளையில்தான் கவனம் வேண்டும். 'ஆப்ட் அப்டேட்' பட்டியலை மட்டும் கொண்டுவரும். 'ஆப்ட் அப்கிரேட்' மென்பொருளைப் புதுப்பிக்கும். தேவையானால் புதிதாகச் சேர்க்கும், இருப்பதை நீக்காது. 'ஃபுல்-அப்கிரேட்' நீக்கவும் செய்யும்.

திருமங்கலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இதில் நானே மாட்டியிருக்கிறேன். பிரிண்டர் டிரைவரைத் தனி டெப் கோப்பாக (தனியே இறக்கிய நிறுவல் கோப்பு) நிறுவியிருந்தார்கள். பிபிஏ என்ற வெளி மென்பொருள் களஞ்சியம் ஒன்றிலிருந்து வந்த புது லைப்ரரியோடு (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்) அது ஒத்துப்போகவில்லை. ஃபுல்-அப்கிரேட் கொடுத்து, படிக்காமல் 'ஒய்' (சரி) தட்டினேன். டிரைவர் போய்விட்டது. வாசலில் ஹால் டிக்கெட் எடுக்க வந்த பிள்ளைகள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

ஆகவே 'ஒய்' தட்டும் முன் சுருக்க வரியைப் படியுங்கள். எத்தனை புதுப்பிக்கப்படும், எத்தனை புதிதாக வரும், எத்தனை நீக்கப்படும் என்று வரிசையாக இருக்கும். மூன்றாவது எண் பூஜ்யமாக இல்லையா? 'என்' (வேண்டாம்) கொடுத்துவிட்டு, நீக்கப்படும் பெயர்களை மேலே தேடுங்கள். பிரிண்டர் சம்பந்தப்பட்டதை 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' போட்டு நிறுத்தி வைக்கலாம்.

பாதுகாப்புத் திருத்தங்களை அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற பின்னணி நிரல் தானாகவே போட்டுவிடும், அதை அணைக்காதீர்கள். அது ஓடும்போது ஆப்ட் கொடுத்தால் லாக் (இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாமல் தடுக்கும் பூட்டு) கிடைக்கவில்லை என்று வரும். கொஞ்சம் பொறுங்கள். லாக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள், நிறுவல் அரைகுறையாக நின்றுபோகலாம்.

அப்புறம் ஃபயர்பாக்ஸ் பிரவுசர். உபுண்டுவில் அது ஸ்னாப் என்ற தனி வகைப் பொதியாக வருகிறது, ஆப்ட் அதைப் புதுப்பிக்காது. ஸ்னாப் தானே ஒரு நாளில் நான்கு முறை பார்த்துக்கொள்ளும். புதுப் பதிப்பு தகராறு செய்தால் 'ஸ்னாப் ரிவர்ட்' பழையதற்குத் திருப்பும்.

மின்தடை அறிவித்த நாளில் அப்டேட் வேண்டாம், யுபிஎஸ் இல்லாமலும் வேண்டாம். பாதியில் கரண்ட் போய்விட்டால் பயப்பட வேண்டியதில்லை. கம்ப்யூட்டரைத் திறந்ததும் 'சுடோ டிபிகேஜி' என்று அடித்து, இரட்டை ஹைஃபன் 'கன்ஃபிகர்', ஒற்றை ஹைஃபன் 'ஏ' சேர்த்துக் கொடுங்கள். அரைகுறையாக நின்றவற்றைப் பெரும்பாலும் முடித்துவிடும்.

அடுத்த பெரிய பதிப்புக்குப் போக அவசரமே இல்லை, 24.04-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. போவதென்றால் ஆடி முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாதுதான், ஆனால் தை மாதப் பத்திரிகை எல்லாம் அப்போதுதானே அச்சுக்கு வரும்? முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை மாற்றி, தமிழ் எழுத்துருவோடு ஒரு பழைய பத்திரிகையை அச்சடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் சரியாக விழுந்தால் மற்ற இரண்டையும் தொடலாம்.