பைபிளில் 'சகோதரரே' என்பதை 'சகோதர சகோதரிகளே' என்று மொழிபெயர்ப்பது வேதத்தைத் திருத்துவது ஆகாதா?

ஆகாது. உங்கள் சபைக் கமிட்டியில் யாரோ இதைப் பிரச்சினையாக்கி, நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் 'திருத்துவது' என்ற சொல் கேள்வியில் வந்திருக்காது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பழைய திருப்புதலில், அதாவது நம் சபைகளில் காலங்காலமாக வாசிக்கும் பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில், வளர்ந்தவள். இன்றும் தினமும் வாசிப்பது அதைத்தான். பிதாவை மாதா ஆக்கச் சொல்லும் ஆள் இல்லை. ஆதிச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய பவுல், பெண்களை மட்டும் பார்த்துச் சொன்ன இடங்கள் இருக்கின்றன, சிலவற்றை வாசிக்கும்போது எனக்கு வலிக்கும். அவற்றையும் உள்ளபடியே வைக்க வேண்டும் என்றுதான் சொல்வேன்.

ஆனால் சபை முழுவதற்கும் எழுதிய கடிதம் வேறு. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள் என்று பெண்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார் பவுல். அதே நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் 'சகோதரரே' என்றபோது இவர்களை எழுந்து வெளியே போகச் சொன்னாரா? ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்தை அழைக்கவும் கிரேக்கத்தில் அந்தச் சொல்தான்.

இதை நான் இவ்வளவு சூடாக எழுதக் காரணம் என் அம்மா. பெரம்பூரில் எங்கள் சபையில் உடம்பு முடிந்தவரைக்கும் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவர். இன்று கமிட்டியில் இருக்கும் பலருக்கு வசனம் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அம்மா இறந்த இரவு, அடக்க ஆராதனைக்கு யார் என்ன வாசிப்பது என்று ஒரு பெரியவர் எழுதிக்கொண்டிருந்தார். யோவான் 11ஆம் அதிகாரத்தை மட்டும் திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பிலிருந்து வாசிக்கலாமா என்று கேட்டேன். "என்னிடம் நம்பிக்கை கொள்பவர் இறப்பினும் வாழ்வார்" என்று அதில் இருக்கும். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அது ஆர்.சி. பைபிள்மா. வேத வார்த்தையில கை வைக்கக் கூடாது" என்றார். ஐஸ் பெட்டியில் அம்மாவை வைத்துக்கொண்டு வாக்குவாதம் செய்ய எனக்குத் தெம்பு இல்லை. மறுநாள் அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று "என்னை விசுவாசிக்கிறவன் மரித்தாலும் பிழைப்பான்" என்று வாசித்தார்கள்.

பிழைப்பான். அந்த வார்த்தை என் அம்மாவைத் தாண்டிக்கொண்டு வேறு யாருக்கோ போனது போல இருந்தது. கிரேக்கத்தில் அந்த வினைச்சொல்லில் ஆண் பெண் விகுதியே கிடையாது. தமிழில் வேறொருவரைப் பற்றிச் சொல்லும் வினை என்று வந்தாலே ஆன், ஆள், ஆர் என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அன்றைக்கு மொழிபெயர்த்தவர்கள் 'ஆன்' எடுத்தார்கள். அந்தக் காலத்து நடை அது, அவர்களை நான் குறை சொல்லவில்லை.

அந்த அதிகாரத்தில் இயேசு உயிரோடு எழுப்பிய லாசரு ஆண்தானே, 'விசுவாசிக்கிறவன்' சரிதான் என்று யாரும் கீழே எழுத வேண்டாம். இயேசு அதைச் சொன்னது லாசருவின் சகோதரி மார்த்தாளிடம். "இதை விசுவாசிக்கிறாயா" என்று கேட்டதும் அவளிடம்தான். விசுவாசிக்கிறேன் என்று அறிக்கை செய்ததும் அவள்தான்.

'ஆர்.சி. பைபிள்', அதாவது ரோமன் கத்தோலிக்க பைபிள், என்பதும் சரியில்லை. 1995இல் வந்த அந்த மொழிபெயர்ப்பு கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்தது. கை வைக்கக் கூடாது என்றால் பழைய திருப்புதலே நமக்குக் கிடைத்திருக்காது. இதே சென்னையில், வேப்பேரியில் இருந்துகொண்டு ஜெர்மன் மிஷனரி பப்ரிசியுஸ் ஐயர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1772இல் வந்தது. அப்புறம் பவர் ஐயர் என்பவரின் மொழிபெயர்ப்புக் குழு உட்கார்ந்து 1871இல் கொண்டுவந்ததைத்தான் நாம் இன்று 'பழையது' என்கிறோம். அப்போதும் லுத்தரன் சபையார் பப்ரிசியுஸை விட மாட்டோம் என்று நின்றார்கள்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்கிற இதே ஆட்கள், ஞாயிற்றுக்கிழமை திரையில் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் ஓட விடுகிறார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராதாம். சொல்லிக் கொடுக்க வேண்டியதுதானே? என் அம்மா 'அ' எழுதப் பழக்கிய பிறகுதான் சங்கீதப் புத்தகத்தையே கையில் கொடுப்பார். இன்று ஓய்வுநாள் பள்ளிக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஸ்பீக்கர் வாங்க மட்டும் காணிக்கை எடுக்கிறார்கள். சரி, அது வேறு கதை.

உங்கள் கமிட்டியில் 'திருத்தல்' என்று பேசுகிறவரிடம் இரண்டு வசனங்களைக் கொடுங்கள். 2 சாமுவேல் 7:14இல் தாவீதின் மகனைப் பற்றிக் கர்த்தர் சொல்வது: "அவன் எனக்குக் குமாரனாயிருப்பான்." பவுல் அதையே எடுத்து 2 கொரிந்தியர் 6:18இல் சபைக்கு எழுதும்போது "குமாரரும் குமாரத்திகளுமாயிருப்பீர்கள்" என்கிறார். குமாரத்திகளைச் சேர்த்தது பவுல். நான் சொன்ன திருவிவிலியம்கூட வேண்டாம், அவர் கையில் இருக்கும் பழைய திருப்புதலிலேயே இது இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, பவுல் வேதத்தைத் திருத்தினாரா என்று அவரே சொல்லட்டும்.