காணவில்லை புகார் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 24, என் தோழிக்கு 26 வயது. இணையராக வாழ வீட்டைவிட்டு வந்துவிட்டோம். அவள் வீட்டார் பாளையங்கோட்டையில் 'காணவில்லை' என்று புகார் கொடுத்துவிட்டார்கள். போலீஸ் எங்களைப் பிரிக்குமா?
- வாசகி, வண்ணார்பேட்டை

பதில்: சட்டப்படி முடியாது, தைரியமாக இருங்கள். உங்கள் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. காணாமல் போனவர் தன்பாலீர்ப்பாளர், மேஜர், விரும்பியே வந்தவர் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுப் புகாரை முடிக்க வேண்டும், தொல்லை தரக் கூடாது என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 உத்தரவு. ஒளிந்து திரிந்தால்தான் கடத்தல் சந்தேகம் கிளம்பும். வயதுச் சான்று நகலோடு, 'சொந்த விருப்பத்தில் வந்தேன்' என்று தோழி கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் நிலையத்துக்கு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டார் அவரை அடைத்துவைத்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு (அவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் மனு) போடலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு, சட்ட உதவித் தொலைபேசி எண் 15100-ல் கேளுங்கள்.