மூன்று முறை ஒட்டியும் நிற்காத க்ளவ் பாக்ஸ்

கேள்வி: என் கார் பத்து வருடப் பழசு. க்ளவ் பாக்ஸின் (பயணி சீட்டுக்கு எதிரே உள்ள சாமான் பெட்டி) கீழ்க் கீல் ஒன்று விரிசல் விட்டு உடைந்துவிட்டது. சூப்பர் க்ளூ போட்டு இரண்டு முறை ஒட்டினேன், பதினைந்து நாள்கூடத் தாங்கவில்லை. மூன்றாவது தடவை எபாக்சி போட்டேன். அதுவும் அப்பளம் மாதிரி உரிந்து வந்துவிட்டது. வீட்டிலேயே நிலையாகச் சரிசெய்ய வழி உண்டா? கூரைத் துணியும் தொங்குகிறது.
– வாசகர், தென்காசி

பதில்: அப்பளம் மாதிரி உரிந்தது என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. பெட்டியைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். பி.பி. (PP) என்றோ ஏ.பி.எஸ். (ABS) என்றோ பிளாஸ்டிக்கின் வகை ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். உங்களுடையது அநேகமாக பி.பி., அதாவது பாலிப்ரொப்பிலீன். சாதாரணப் பசை எதுவும் அதில் ஊறாது; மேலே காய்ந்து உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தொடும்போது அதுவும் விட்டுவிடும்.

பி.பி.யை உருக்கித்தான் சேர்க்க வேண்டும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். முதலில் பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள். விரிசல் முடிகிற இடத்தில் ஒரு மில்லிமீட்டர் துளை போடுங்கள், அதற்கு மேல் ஓடாது. இரண்டு துண்டையும் பொருத்தி, பின்பக்கம் விரிசலுக்குக் குறுக்கே ஸ்டேப்ளர் பின்களை வைத்து, அயர்ன் நுனியால் மெதுவாக அழுத்தினால் உள்ளே இறங்கும். அதன்மேல் அதே பிளாஸ்டிக்கை உருக்கிப் பூச வேண்டும். டென்ட் எடுக்கிற கடையில் உடைந்த பம்பர் துண்டு கேளுங்கள், பெரும்பாலும் பி.பி.தான், இருந்தாலும் அச்சைப் பார்த்து வாங்குங்கள். கேபிள் டையை உருக்கிப் பூசுகிறவர்களும் உண்டு. அது நைலான், பி.பி.யோடு சேராது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், புகை நல்லதல்ல.

அவசரப்பட்டு அயர்னை அழுத்திவிடாதீர்கள். என் சொந்த வண்டியில் அப்படிச் செய்து முகப்பில் சுண்டுவிரல் அளவு குழி விழுந்தது. உட்காருகிறவர்கள் எல்லாரும் "இது என்ன?" என்று கேட்பார்கள். பிறகு அதன்மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன்.

ஏ.பி.எஸ். என்று இருந்தால் வேலை சுலபம். அதே அச்சுள்ள உடைந்த துண்டைச் சீவி, கண்ணாடிப் பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி ஒரு ராத்திரி ஊற வையுங்கள், கூழாகிவிடும். அந்தக் கூழே பசை. பின்பக்கம் தடவி இரண்டு நாள் அசைக்காமல் விடுங்கள். முகப்பில் ஒரு சொட்டு பட்டாலும் பளபளப்பு போய்விடும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பு இருக்கிற பக்கம் கொண்டு போகாதீர்கள்.

சரி, கீல் ஏன் உடைந்தது? பல வண்டிகளில் பெட்டியின் இரு பக்கமும் சின்னக் கொக்கியோ ஒரு கயிறோ இருக்கும், திறக்கும்போது பெட்டி தொப்பென்று விழாமல் பிடிக்க. அது அறுந்திருந்தால் முழு எடையும் கீலில்தான் விழும். ஸ்பானர், ஜாக் கைப்பிடி எல்லாம் உள்ளே வைத்திருந்தால் டிக்கிக்கு மாற்றுங்கள். இதைச் சரிசெய்யாமல் கீலை மட்டும் பார்த்தால் அடுத்த தீபாவளிக்குள் மறுபடி எழுதுவீர்கள்.

பயணிப் பக்கம் ஏர்பேக் இருந்தால் பெட்டிக்கு மேலுள்ள பலகையில் அயர்னோ பசையோ எதுவும் வேண்டாம். அது கடைக்காரர் வேலை.

கூரைத் துணிக்கு ஊசி வழியாகப் பசை ஏற்றுவது வீண். துணிக்குப் பின்னால் உள்ள ஃபோம் சூட்டில் மாவாகியிருக்கும், பசை அந்த மாவில்தான் ஒட்டும். துணி ஒட்டியிருக்கும் கூரை அட்டையை வெளியே எடுத்து, பழைய ஃபோமை பிரஷால் மொத்தமாகத் தேய்த்து எடுத்துவிட்டு, ஃபோம் வைத்த புதுத் துணியை, சூடு தாங்கும் ஸ்ப்ரே பசையில் ஒட்டுங்கள். துணியைப் பிடிக்க ஒரு ஆள் துணைக்கு வேண்டும். தனியாக முயன்றால் சுருக்கம் நிச்சயம்.