நாணம் நல்ல குடிமகனை உருவாக்குமா?

கேள்வி: எங்கள் தெருமுனைச் சுவரில் ‘இங்கே குப்பை கொட்டுபவன் மனிதனே அல்ல’ என்று எழுதியும் பயனில்லாததால், கொட்டுபவர்களின் படங்களை ஃபிளெக்ஸ் அடித்து மாட்டக் குடியிருப்போர் சங்கத்தினர் முடிவு செய்துள்ளனர். வெட்கப்படுத்தினால்தான் குடிமைப் பண்பு வளரும் என்று பண்டைய கிரேக்க அறிஞர்களே கூறியிருப்பதாகச் சங்கத் தலைவர் வாதிடுகிறார். அது சரிதானா?
- ஒரு வாசகர், செல்லூர், மதுரை

பதில்: பாதி சரி. பிளேட்டோவின் ‘புரோட்டகோரஸ்’ உரையாடலில் ஒரு புராணக் கதை வருகிறது. கூடி வாழத் தெரியாமல் மனித இனம் தன்னைத்தானே அழித்துக்கொண்டிருந்தபோது, கடவுளரின் தலைவரான ஜீயஸ் தம் தூதரான ஹெர்மஸிடம் நாணத்தையும் நீதியையும் கொடுத்தனுப்புகிறார். மருத்துவம் போன்ற கலைகள் சிலரிடம் இருந்தாலே ஊருக்குப் போதும். இவ்விரண்டும் எல்லாருக்கும் பங்கிடப்படாவிட்டால் நகரங்களே நிலைக்கா என்பது அவர் கட்டளை. உங்கள் தலைவர் இந்தப் பக்கத்தோடு நூலை மூடிவிட்டார் போலும்.

அரிஸ்டாட்டிலோ நாணத்தை ஒரு நற்பண்பாகவே ஏற்கவில்லை. அது ஓர் உணர்ச்சி. தவறிழைக்கும் பருவத்திலிருக்கும் இளைஞருக்கு அது கடிவாளமாகும். வளர்ந்தவரோ நாணத்தக்க செயலையே செய்யக் கூடாது என்கிறார். மேலும், நாம் யாரை மதிக்கிறோமோ அவர் முன்னிலையில்தான் நாணுகிறோம் என்பதையும் ‘சொற்பொழிவுக் கலை’ நூலில் விளக்குகிறார். அங்கே அவர் காட்டும் சான்று அருமையானது: சாமோஸ் தீவின் நிலங்களை ஏதென்ஸ் மக்களுக்குப் பங்கிடுவது பற்றிய விவாதத்தில், கிரேக்கர் அனைவரும் உங்களைச் சுற்றி நின்று நீங்கள் அளிக்கும் வாக்கை நேரில் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள் என்று கைடியாஸ் என்பவர் அவையோரைக் கேட்டுக்கொண்டார். அவர் எவரையும் இழிவுபடுத்தவில்லை. அவர்கள் மதிக்கும் கண்களை நினைவூட்டினார், அவ்வளவே. உங்கள் தெருச் சுவர் செய்வது அதுவன்று. திட்டுகிற சுவரை எவரும் மதிப்பதில்லை. படம் மாட்டப்பட்டவர் இனி ஊர் உறங்கிய பிறகு வண்டியில் வந்து பையை வீசிவிட்டுப் போவார்.

பலர் முன்னிலையில் நாணவைப்பதில் சாக்ரடீஸுக்கு இணையில்லை என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் ‘கோர்கியாஸ்’ உரையாடலில் அதன் விளைவைப் பாருங்கள். முன்னர் பேசிய இருவரும் வெட்கத்தால்தான் வாதத்தில் தோற்றார்கள் என்று குற்றஞ்சாட்டியபடி நுழையும் கலிக்ளீஸ் என்பவரைச் சாக்ரடீஸ் கூசவைக்கும் எடுத்துக்காட்டுகளால் மடக்குகிறார். அவரோ மனம் மாறாமல், ஒப்புக்கு விடையளித்து, ஒரு கட்டத்தில் பேசவே மறுத்துவிடுகிறார். அதன்பின் சாக்ரடீஸ் கேள்வியையும் தாமே கேட்டு, விடையையும் தாமே சொல்ல வேண்டியதாயிற்று.