ஆஸ்பத்திரி பில்லுக்கு ஆள் வைக்க வேண்டுமா? அமெரிக்கத் தமிழர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பல வருடம் ஆஸ்பத்திரிக்காக பில் போட்டேன். இப்போது நோயாளிகளுக்காக அதே பில்களைப் பிரித்துப் படிக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் பில் அட்வகேட்களைப் பற்றியவை. இவர்கள் வக்கீல்கள் அல்ல; நோயாளி சார்பில் பில்லைச் சரிபார்த்து, ஆஸ்பத்திரியிடமும் இன்சூரன்ஸிடமும் பேசுபவர்கள்.

கேள்வி: அக்கா, சமையலறையில் கை வெட்டி எமர்ஜென்சிக்குப் போனேன். மூன்று தையல். 4,200 டாலர் என்று ஒரே வரியில் பில் வந்திருக்கிறது. உடனே ஒரு அட்வகேட்டை வைத்துக்கொள்ளவா?

இப்போதே வேண்டாம் தம்பி. உங்கள் கையில் இருப்பது மொத்தத் தொகை எழுதிய சீட்டுதான். அதை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. பில்லிங் அலுவலகத்தைக் கூப்பிட்டு, ஒவ்வொரு சேவைக்கும் தனி வரியும் அதற்கான கோடும் (code, சேவையைக் குறிக்கும் எண்) போட்ட ஐட்டமைஸ்டு பில் கேளுங்கள். சரிபார்க்கும் வரை பில்லை ஹோல்டில் (வசூலிக்காமல் நிறுத்தி) வைக்கவும் சொல்லுங்கள். யாரிடம், எந்தத் தேதியில் பேசினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

அப்புறம் இன்சூரன்ஸ் அனுப்பிய இ.ஓ.பி.யை (அவர்கள் கொடுத்தது எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு என்று காட்டும் தாள்) பக்கத்தில் வையுங்கள். அதில் உங்கள் பங்கு என்று போட்டிருக்கும் தொகைக்கு மேல் நெட்வொர்க் ஆஸ்பத்திரி, அதாவது உங்கள் இன்சூரன்ஸோடு விலை ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரி, கேட்கக்கூடாது. பாதிப் பிரச்சினை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். எமர்ஜென்சி வருகைக்கு 99281 முதல் 99285 வரை ஐந்து கோடுகள், ஐந்து படிகளாக உண்டு. கடைசிப் படி, உயிருக்கு ஆபத்தாக இருக்கக்கூடிய சிக்கலான நிலைமைகளுக்கு. மூன்று தையலுக்கு 99285 போட்டிருந்தால் மருத்துவக் குறிப்புகளை எழுத்தில் கேளுங்கள். ஹிப்பா என்ற மத்திய மருத்துவத் தகவல் சட்டப்படி பொதுவாக 30 நாளுக்குள் தர வேண்டும். டாக்டர் எழுதியிருப்பதற்கும் கோடுக்கும் பொருத்தமில்லை என்றால் கோடிங் ரிவ்யூ (கோடு சரியா என்று மறுபடி பார்ப்பது) கேளுங்கள். அந்த வார்த்தையையே சொல்லுங்கள். வெறுமனே 'பில் அதிகமாக இருக்கிறது' என்றால் தவணைத் திட்டம்தான் தருவார்கள்.

கேள்வி: அப்படியானால் காசு கொடுத்து ஆள் வைப்பது எப்போது? எவ்வளவு கேட்பார்கள்?

பில்கள் பல இடங்களிலிருந்து வந்து குவியும்போது, பெரிய அறுவை சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் கையை விரிக்கும்போது, அல்லது வீட்டில் நோயாளியைப் பார்ப்பதா போனில் காத்திருப்பதா என்ற நிலை வரும்போது வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மணிக்கணக்கில் வாங்குபவர்கள் உண்டு, மிச்சப்படுத்தியதில் பங்கு வாங்குபவர்களும் உண்டு. பங்கு பல இடங்களில் 25 முதல் 35 சதவீதம்.

பங்கு ஒப்பந்தத்தில் 'மிச்சம்' எந்தத் தொகையிலிருந்து கணக்கிடப்படுகிறது என்று பார்க்காமல் கையெழுத்து போடாதீர்கள். ஆஸ்பத்திரி முதலில் போட்டது 40,000, இன்சூரன்ஸ் ஒப்பந்த விலை 9,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த 31,000 குறைந்ததில் அட்வகேட்டுக்கு எந்த வேலையும் இல்லை. உங்கள் தலையில் நிற்கும் தொகையிலிருந்துதான் கணக்கு தொடங்க வேண்டும். இதைக் கவனிக்காமல், மிச்சமானதைவிட அதிகம் கட்டணம் கொடுத்த ஒரு குடும்பத்தைச் சந்தித்தேன். இன்னும் மனசு ஆறவில்லை.

நோயாளி அட்வகேட்களுக்கான பி.சி.பி.ஏ. என்ற சான்றிதழ் 2018 முதல் இருக்கிறது. அது இருந்தால் நல்லது, ஆனால் பில்லிங் அனுபவம் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். இவ்வளவு குறைத்துத் தருகிறேன் என்று பில்லைப் பார்க்காமலே உறுதி சொல்பவரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: இலவசமாக யாராவது உதவுவார்களா?

உதவுவார்கள். முதலில் உங்கள் கம்பெனி பெனிஃபிட்ஸ் பட்டியலைப் பாருங்கள். பல கம்பெனிகள் பில் உதவிச் சேவைக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருக்கும், யாரும் பயன்படுத்துவதில்லை. தீவிர நோய் உள்ளவர்களுக்கு பேஷன்ட் அட்வகேட் ஃபவுண்டேஷன் 1996 முதல் இலவசமாக உதவுகிறது. மெடிகேரில் (மூத்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) இருக்கும் பெரியவர்களுக்கு எல்லா மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச இன்சூரன்ஸ் ஆலோசனைத் திட்டத்தின் ஆலோசகர்கள் உண்டு. இன்சூரன்ஸ் மீது புகார் என்றால் மாநில இன்சூரன்ஸ் துறை. கம்பெனியே செலவை ஏற்கும் செல்ஃப் ஃபண்டட் திட்டமாக இருந்தால் மத்திய தொழிலாளர் துறையில் கம்பெனித் திட்டங்களைக் கவனிக்கும் எப்சா பிரிவு.

கேள்வி: ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில், மயக்க மருந்து டாக்டர் வெளியே. தனி பில் 2,900. கட்டத்தான் வேண்டுமா?

கட்டாதீர்கள். 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள நோ சர்ப்ரைசஸ் சட்டப்படி உங்களிடம் நெட்வொர்க் பங்கு மட்டும்தான் வாங்கலாம். மயக்க மருந்து டாக்டருக்கு நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள கட்டணத்தைத் தருகிறேன் என்று ஒப்புதல் தாளில் கையெழுத்து போட்டிருந்தாலும் அது செல்லாது. தரைவழி ஆம்புலன்ஸ் இந்தச் சட்டத்தில் சேரவில்லை.

கேள்வி: அப்பா இந்தியாவிலிருந்து வந்த இடத்தில் நெஞ்சுவலி. விசிட்டர் இன்சூரன்ஸ் முன்பே இருந்த நோய் என்று மறுத்துவிட்டது. 61,000 டாலர். தூக்கமே இல்லை அக்கா.

அப்பா தேறியிருப்பார் என்று நம்புகிறேன். முதலில், அந்தத் தொகையை கிரெடிட் கார்டில் போடாதீர்கள். போட்டால் அது சாதாரணக் கார்டு கடனாகிவிடும், ஆஸ்பத்திரியிடம் பேச எதுவும் மிச்சம் இருக்காது.

லாபநோக்கற்ற ஆஸ்பத்திரி என்றால் நிதியுதவிக் கொள்கை எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். டிஸ்சார்ஜுக்குப் பிறகு வந்த முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பத்தை வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குப் பொருந்துமா என்பது அந்தந்த ஆஸ்பத்திரியின் விதி, அதனால் கொள்கையை முழுவதும் படியுங்கள். பொருந்தாவிட்டால் ரொக்க விலை கேளுங்கள். 2021 முதல் ஆஸ்பத்திரிகள் ரொக்கத் தள்ளுபடி விலையையும் இன்சூரன்ஸ் ஒப்பந்த விலைகளையும் இணையத்தில் வெளியிட வேண்டும். அந்த எண்களை வைத்துக்கொண்டு பேசுங்கள். கூடவே, முன்பே இருந்த நோய் திடீரென்று தீவிரமானால் செலவை ஏற்கும் பிரிவு (acute onset) பாலிசியில் இருக்கிறதா பாருங்கள். பல விசிட்டர் பாலிசிகளில் உண்டு. அதன் பேரில் அப்பீல் செய்ய, வலி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள். இந்த அளவு பில்லுக்கு அட்வகேட் வைப்பதை நானே சொல்வேன்.

கேள்வி: கலெக்‌ஷன் கம்பெனியிலிருந்து 380 டாலருக்குக் கடிதம். கிரெடிட் ஸ்கோர் போய்விடுமா?

2023 ஏப்ரலிலிருந்து 500 டாலருக்குக் குறைந்த மருத்துவக் கடனை மூன்று பெரிய கிரெடிட் நிறுவனங்களும் காட்டுவதில்லை. ஆனாலும் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். 30 நாளுக்குள் 'இந்தக் கடனை நிரூபியுங்கள்' என்று எழுத்தில் கேளுங்கள். கோர்ட் சம்மன் வந்தால் அட்வகேட் போதாது, வக்கீல் வேண்டும். வருமானம் குறைவு என்றால் அருகிலுள்ள இலவச சட்ட உதவி அலுவலகத்துக்கு அன்றே போன் செய்யுங்கள். பதில் தாக்கல் செய்யக் கெடு சில வாரங்கள்தான்.