ஏழாம் வகுப்புப் பெண்ணை ஊருக்கு அனுப்பிவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

ஜூலையில் திருச்சிக்கு வந்தபோது மகளோடு ஒரு மணி நேரம் பேசினேன். கிளம்பும் அவசரத்தில் உங்களுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது ஷார்ஜாவிலிருந்து எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். "எந்நேரமும் கதைப் புத்தகம்தான், கணக்கில் 61தான் வாங்கியிருக்கிறாள். எட்டாம் வகுப்புக்கு ஊரிலேயே நீட் பயிற்சியோடு இருக்கும் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடச் சொல்கிறார்கள் நாத்தனார் வீட்டில். சேர்க்கலாமா?"

இப்போது சேர்க்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கணக்கு. அன்று நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது அவளுடைய விடைத்தாளை இருவருமாகப் புரட்டினோம். 3 − (−5) என்ற கணக்குக்கு −2 என்று எழுதியிருந்தாள். "வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடும்மா" என்றேன். "மூணுலேருந்து மைனஸ் அஞ்சைக் கழிக்கணும்" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தி, "ஐயோ, எட்டு" என்றாள். அந்தத் தாளில் அவள் கோட்டைவிட்டதில் பெரும்பகுதி இந்த மாதிரி கூட்டல் கழித்தல் குறித் தவறுகள்தான். ஆனால் நாலு வரி படித்துப் புரிந்துகொண்டு போட வேண்டிய கணக்குகளில் ஒன்றைத் தவிர எல்லாமே சரி. அவள் வயதுப் பிள்ளைகள் பலர் தடுமாறுவது அங்கேதான். இது கணக்கு வராத பிள்ளை இல்லை, சகோதரி. அரைக் கண்ணால் பார்த்து முடித்துவிட்டு, மடியில் இருக்கும் புத்தகத்துக்கு ஓடுகிற பிள்ளை. தினமும் பத்துக் கணக்கு, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் போடட்டும். கால் மணி நேரம் போதும். இதற்காக ஒரு குழந்தையை விடுதிக்கு அனுப்ப வேண்டியதில்லை.

அடுத்தது, அவள் எழுதி வைத்திருக்கும் அந்த நீல நோட்டு. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அவளேதான் என்னிடம் கொடுத்தாள். இரண்டு விஷயங்களை மட்டும் அம்மாவிடம் சொல்லலாம் என்றாள். அதை மட்டும் சொல்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் ஆறு பெயர்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து அவளோடு படித்து, அப்பாவுக்கு வேலை மாறியோ வேலை போயோ டி.சி. வாங்கிக்கொண்டு போன தோழிகள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மாதம், அந்தப் பெண் போன ஊர். ஏழாவதாக எண் மட்டும் போட்டுக் காலியாக விட்டிருக்கிறாள். அது யாருக்கு என்று கேட்டேன். "எனக்காவும் இருக்கலாம்" என்றாள். வளைகுடாவில் வளர்கிற பிள்ளைகளுக்கு, விசா அப்பாவின் வேலையைப் பொறுத்தது என்பது சின்ன வயதிலேயே தெரிந்துவிடுகிறது. நீங்கள் இருவரும் இரவில் அடுக்களையில் மெதுவாகப் பேசுவது அவள் காதில் விழுகிறது. விடுதிப் பேச்சும் விழுந்திருக்கிறது. அவளை உட்காரவைத்து, என்ன யோசிக்கிறீர்கள், எது முடிவாகவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அவளால் தாங்க முடியும். அரைகுறையாகக் கேட்பதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்கிறது.

இரண்டாவது விஷயம் பள்ளி நூலகம். வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரே ஒரு புத்தகம். அதை அன்றே பஸ்ஸில் வீடு திரும்புவதற்குள் முடித்துவிடுகிறாளாம். அப்புறம் ஆறு நாள் அதையேதான் திரும்பப் படிக்கிறாள். "நாலாவது தடவை படிக்கும்போது வில்லன் மேல பாவமா இருந்துச்சு" என்று எழுதியிருக்கிறாள். பன்னிரண்டு வயதில் இதை யாரும் சொல்லிக் கொடுத்துவிட முடியாது. பள்ளிக்கு ஒரு வரி எழுதி, மூன்று புத்தகம் தரச் சொல்லிக் கேளுங்கள். பெற்றோர் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

ஷார்ஜாவில் 2022 ஜனவரியிலிருந்து வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை. மற்ற நான்கு நாளும் பள்ளி நேரம் நீளம், அவள் களைத்துத்தான் வருகிறாள். நீங்கள் அந்த மூன்று நாளையும் டியூஷன், அபாகஸ், கீபோர்டு என்று நிரப்பி வைத்திருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமைக் காலையையாவது அவளுக்கே விட்டுவிடுங்கள். நவம்பரில் அங்கே எக்ஸ்போ சென்டரில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி 1982 முதல் நடந்துவருவது. அழைத்துப் போய், கையில் நூறு திர்ஹம் கொடுத்து, அவளே தேர்ந்தெடுக்கட்டும். "இது உன் வயசுக்குச் சின்னது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இனி, ஊருக்கு அனுப்புவதில் உள்ள நடைமுறைச் சிக்கல்கள். முதலாவது தமிழ். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் 2015-16இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். உங்கள் மகள் அங்கே இந்தியும் அரபியும் படிக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுகிறாள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். புது ஊர், புது விடுதி, அதோடு செய்யுளும் இலக்கணமும் என்றால், இன்று அவளுக்குப் பலமாக இருக்கிற படிப்புதான் முதலில் அடிவாங்கும். என்றைக்காவது திரும்பி வரத்தான் போகிறீர்கள் என்றால், அங்கிருந்தே தமிழைத் தொடங்குங்கள். போட்டிம் செயலியில் பாட்டியோடு வீடியோ அழைப்பில் பேசுகிறாள் அல்லவா? பாட்டி ஒரு பக்கம் படிக்க, இவள் ஒரு பக்கம் படிக்கட்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான பாடங்களும் மின்னூலகமும் இருக்கின்றன.

அடுத்தது 11, 12ஆம் வகுப்புகளை எங்கே படிப்பது என்பது. உண்மையில் யோசித்து முடிவெடுக்க வேண்டியது இதைத்தான். அதற்கு இன்னும் மூன்றரை ஆண்டு இருக்கிறது. அவள் பொறியியல் பக்கம் போனால், என்.ஐ.டி. எனும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் வெளிநாட்டில் படித்தவர்களுக்கு டாசா என்று தனிச் சேர்க்கை உண்டு. அதற்குள்ளேயே வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியரின் பிள்ளைகளுக்கு சி.ஐ.டபிள்யூ.ஜி. என்று ஒரு பிரிவு. அதில் கல்விக் கட்டணம் உள்நாட்டு மாணவர்களுக்கு உள்ளதே. ஜே.இ.இ. மெயின் என்ற பொறியியல் நுழைவுத் தேர்வின் தரவரிசை வேண்டும். 11, 12 இரண்டையும் வெளிநாட்டில் படித்திருக்கவும் வேண்டும். இப்போதே ஊருக்குக் கொண்டுவந்து பன்னிரண்டு வரை இங்கேயே படிக்கவைத்தால், உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கும் துவாக்குடி என்.ஐ.டி.க்கான இந்த வழி அடைபட்டுவிடும். விதிகளை ஆண்டுதோறும் புதிதாக வெளியிடுகிறார்கள், அவள் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது அந்த ஆண்டுக் கையேட்டைப் பாருங்கள்.

நீட்டுக்காக ஊருக்கு வர வேண்டும் என்ற அவசியமும் இல்லை. 2021இல் குவைத்திலும் துபாயிலும் தேர்வு மையம் வைத்ததிலிருந்து வளைகுடாவிலேயே எழுத முடிகிறது. சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிரம்ப வேண்டும். உங்கள் மகளுக்கு அதற்கு இன்னும் ஐந்து ஆண்டு ஆகும். ஐந்து ஆண்டுப் பயிற்சி முடிந்து களைத்து உட்கார்ந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு இதில் கோபமே உண்டு.

ஒன்றை மட்டும் இப்போதே செய்யுங்கள். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் அவள் எப்போதாவது கலந்துகொள்வதாக இருந்தால், நேட்டிவிட்டி என்று எல்லாரும் சொல்கிற பிறப்பிடச் சான்றிதழ் தேவைப்படும். பொறியியலுக்கு 8 முதல் 12 வரை, மருத்துவத்துக்கு 6 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு அது வேண்டாம். வெளியே படித்தவர்களுக்குக் கட்டாயம். அவள் பிறந்தது ஷார்ஜா என்பதால் உங்கள் இருவருடைய பள்ளிச் சான்றிதழ்கள், பழைய முகவரிச் சான்றுகள் எல்லாவற்றையும் அடுத்த விடுமுறையில் எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். கடைசி வாரத்தில் இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலையும் அப்பாக்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

"கதை படித்தால் சோறு போடுமா" என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வில் இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். 2020இல் மாறிய முறைப்படி எல்லாப் பகுதியிலும் ஒரு பத்தியைக் கொடுத்து, படித்துப் பதில் எழுதச் சொல்கிறார்கள். கணக்குக்கூட அப்படித்தான். திருச்சியிலேயே இருக்கிற தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் இதுதான் வழி. அதற்காக அவளை வக்கீலாக்கிவிடுங்கள் என்று சொல்லவில்லை. வேகமாகப் படித்து, படித்ததைப் பிடித்துவைக்கும் பிள்ளை நீட் உயிரியலையும் படிக்கும், வரலாற்றையும் படிக்கும். எதில் போகிறாள் என்பது பத்தாம் வகுப்பில் அவளுக்கே ஓரளவு தெரியும். அதுவரை அந்தப் பழக்கத்தை உடைத்துவிடாமல் இருந்தால் போதும்.

இங்கே ஒன்றுவிட்ட தம்பி தங்கைகள் எல்லாம் அவளைத் "துபாய்க்காரி" என்று கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. "ஷார்ஜா" என்று திருத்திச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதாக என்னிடம் சொன்னாள். நீங்கள் ஒரு முறை அவர்களிடம் சொல்லுங்கள், அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அடுத்த ஜூலையில் வரும்போது மதிப்பெண் அட்டை மட்டும் போதாது, விடைத்தாள்களையும் கொண்டுவாருங்கள். நீல நோட்டைக் கொண்டுவருவதா வேண்டாமா என்பது அவள் இஷ்டம். அதை அவள் இல்லாதபோது எடுத்துப் பார்க்காதீர்கள்.